போர்டு எந்த வீட்டு மாடியில சால்டர் ஆகுது?

போன வாரம் வியாசர்பாடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் டீக்கடையில ரெண்டு பசங்கள பாத்தேன், சோலார் தெருவிளக்குக்கு சார்ஜ் கன்ட்ரோலர், அதான் பேட்டரி சார்ஜ் ஆவுறத பாத்துக்குற போர்டு, டிசைன் பண்ணி வச்சிருக்காங்க. "அண்ணே, அசெம்பிளி யாராண்ட குடுத்தா சீப்பா முடியும்?"னு கேட்டாங்க. அசெம்பிளின்னா போர்டுல பார்ட்ஸ வச்சு சால்டர் பண்றது, அதாவது ஈயக் கம்பிய உருக்கி ஒட்டுறது. பதினோரு வருஷம் முன்னாடி நான் கேட்ட அதே கேள்வி, வார்த்தை கூட மாறல. மூணு கொட்டேஷன் வாங்கு, சாம்பிள் பாரு, இதெல்லாம் யார் வேணா சொல்லுவாங்க, அத விட்டுடுறேன். நம்மாளுங்க பண்ற தப்ப மட்டும் சொல்றேன்.

யூனிட்ட சுத்தி பாத்துட்டு ஆர்டர் குடுக்குறது

இத நெனச்சா எனக்கு இன்னிக்கும் கடுப்பாவும். நான் பாத்த யூனிட் பளபளன்னு இருந்துச்சு, ஏசி ரூம், ஒவ்வொரு டேபிள்லயும் புகை இழுக்குற குழாய், செவுத்துல வரிசையா சர்டிபிகேட். என் சோலார் லைட்டுக்கு 300 போர்டு குடுத்தேன். டப்பா மேல பச்சை எலை படம் வேற போட்டேன். காசிமேடு பக்கம் மாட்டின லைட்டுங்க மூணே மாசத்துல ஒண்ணொண்ணா அணைய ஆரம்பிச்சு 110 போர்டு திரும்பி வந்துச்சு. தொறந்து பாத்தா செம்பு ட்ராக் எல்லாம் பச்சை பூத்து கெடக்கு, சால்டர் சுத்தி பிசுபிசுன்னு ஃப்ளக்ஸ் பேஸ்ட், சால்டர் நல்லா ஒட்டுறதுக்கு தடவுறது. அத கழுவாம விட்டா ஈரத்த இழுத்துக்கும், கடல் காத்து உப்பும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.

போர்ட எடுத்துகினு யூனிட்டுக்கு போனா, அங்க இருந்த பையன் சாதாரணமா சொல்றான், "இது இங்க பண்ணல சார், தண்டையார்பேட்டையில ஒரு வீட்ல குடுப்போம்"னு. போய் பாத்தேன். மொட்டை மாடி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, மத்தியான வெயில், நாலு அக்காங்க. ஃபேன் இருக்கு, ஆனா போடல, போட்டா அயர்ன் சூடு எறங்கிடுமாம். சால்டர் புகையில வர்றது ஈயம்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, முக்காவாசி அது ஃப்ளக்ஸ்ல இருக்குற ரோசின் புகை, வருஷக்கணக்கா இழுத்தா ஆஸ்துமா வரலாம். ஈயம் போறது கை வழியா. நாங்க யூஸ் பண்ண சால்டர் கம்பியில 37 சதவீதம் ஈயம். ஒரு அக்கா அதே கையால பன்ன பிச்சு டீயில முக்கி தின்னுகினு இருந்தாங்க.

"பேஸ்ட்ட ஏன்கா தொடைக்கல?"ன்னேன். "நாளைக்கு காலையில குடுத்தே ஆவணும்னு பார்ட்டி கத்துறாராம் சார், எங்க தொடைக்கிறது?"ன்னாங்க. அந்த பார்ட்டி நான்தான். ஒரு சால்டர் பாயிண்டுக்கு இவ்ளோன்னு தர்ற கூலிய பைசா பைசாவா கொறைச்சதும் நான்தான். ஊருக்கே கரண்ட் குடுத்துட்டு சாம்பல மட்டும் எண்ணூர்ல கொட்றாங்கன்னு திட்டுற ஆளு, என் சோலாருக்காக நாலு பேர் நெஞ்சுல புகைய கொட்டியிருக்கேன்.

வீட்ல பண்றது தப்புன்னு சொல்லல, நம்ம ஏரியாவுல எத்தினியோ குடும்பம் அதுல ஓடுது. எங்க பண்றாங்கன்னு கேக்காததுதான் தப்பு. இப்போ ஆர்டர்லயே எழுதிடுறேன்: வெளிய குடுத்தா எடம் காட்டணும், புகை இழுக்குற ஃபேன், கை கழுவ சோப்பு, பேஸ்ட்ட ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) ஊத்தி கழுவுறதுக்கு தனி காசு. அப்புறம் சொல்லாம கொள்ளாம மூணு மணி வாக்குல போவேன்.

ஈஎஸ்ஐ இருக்குன்னு வாயால சொன்னா நம்புறது

ஈஎஸ்ஐன்னா தொழிலாளிங்களுக்கான மருத்துவ காப்பீடு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா கட்டியாவணும், 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு. போன மாச சலான்ல எத்தினி பேருன்னு பாருங்க, சாப்பாட்டு நேரத்துல டிபன் டப்பாவ எண்ணுங்க.

பேமெண்ட இழுத்தடிக்கிறது

நீங்க 90 நாள் இழுத்தா யூனிட்காரரு வேலை செய்றவங்க கூலியில இழுப்பாரு. 2006 எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தர தொழில்) சட்டப்படி மிஞ்சி போனா 45 நாள். வருமான வரியிலயும் ஒரு ரூல் வந்துடுச்சு, சின்ன யூனிட்டுக்கு கெடு தாண்டி பாக்கி வச்சா, காச குடுக்குற வருஷம்தான் அத செலவா காட்ட முடியும்.

ரிஜக்ட் போர்ட காயலான் கடையில போடுறது

போடாதீங்க. எங்கயாவது செம்புக்காக எரிப்பாங்க. 2023 ஏப்ரல் 1லேர்ந்து புது இ-வேஸ்ட் ரூல்ஸ் அமல்ல இருக்கு, பதிவு பண்ண ரீசைக்கிளருக்குத்தான் போகணும், ரசீது வாங்கி வைங்க.

அந்த பசங்களுக்கு, இதெல்லாம் ஒழுங்கா பண்ற ஒருத்தர் நம்பர் குடுத்தேன். நேத்து போன் பண்ணானுங்க, பாயிண்டுக்கு பத்து பைசா ஜாஸ்தி கேக்குறாராம், யோசிச்சுகினு இருக்கானுங்களாம்.