பூட்ஸுக்கு அளவு கொடுக்கப் பொழுதோட போங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எனக்குக் கையாலேயே பூட்ஸ் தைத்துத் தரும் பெரியவர் காலையில் போனால் அளவே எடுக்க மாட்டார், "பொழுதோட வாங்க" என்று சாயங்காலம் வரச்சொல்லி அனுப்பிவிடுவார். நாள் முழுக்க நடந்த கால் சாயங்காலம் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவுக்குத் தைத்தால் மாலையில் விரலைக் கடிக்கும். போடப்போகும் சாக்ஸோடு எழுந்து நின்று இரண்டு காலையும் காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். அப்புறம் மேல்பாதத்தைச் சுற்றி நாடா பிடிக்கிறாரா என்று பாருங்கள், பூட்ஸ் தைக்க வைத்திருக்கும் கால் வடிவ மரக்கட்டை அச்சின் மேல் தோல் துண்டு ஒட்டி உயரத்தை ஏற்றுவது அந்த அளவை வைத்துத்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கிடைத்தால் விடாதீர்கள், போடப்போடக் காலுக்குத் தக்கபடி படிந்துவரும். நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட்டு, துணியில் தொட்டு லேசாக விளக்கெண்ணெய் தடவுங்கள்.