'லாவ் செங் லியென் தா': பாராட்டுவதாக நினைத்து ஏசிவிடாதீர்கள்

சீன மொழி படிக்கத் தொடங்கியவர்களுக்கு நான்கெழுத்து மரபுத்தொடர்கள் மீது சீக்கிரமே ஆசை வந்துவிடுகிறது. வரவேண்டிய ஆசைதான். ஆனால் 'லாவ் செங் லியென் தா' போன்றவற்றை இடம் தெரியாமல் எடுத்தால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடியும். அனுபவம் முதிர்ந்து, உலக நடப்பு அறிந்து, பதறாமல் காரியம் ஆற்றுபவரைச் சொல்லும் உயர்ந்த தொடர் அது.

முதல் தவறு, அதைத் தமிழில் 'பழம் தின்று கொட்டை போட்டவர்' என்று பெயர்ப்பது. நம் தொடரில் அனுபவத்தோடு கொஞ்சம் கள்ளத்தனமும் ஒட்டியிருக்கிறது. சீனத் தொடரில் அது அறவே இல்லை. மூன்றாம் எழுத்தான 'லியென்'னை உற்றுப் பாருங்கள். அதன் இடப்பக்கத்தில் பட்டு நூலைக் குறிக்கும் உறுப்பு நிற்கிறது. கச்சாப் பட்டைக் கொதிநீரில் இட்டு, ஒட்டியிருக்கும் பசையைப் போக்கி, வெண்மையும் மென்மையும் ஆக்குவதே அந்த எழுத்தின் பழைய பொருள். வெந்த பிறகுதான் விறைத்த நூல் குழைகிறது. அனுபவம் ஒருவரை அப்படிப் பதமாக்கியிருக்கிறது என்பதே இங்கே பாராட்டு. 'பக்குவப்பட்டவர்' என்ற நம் சொல் இதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பக்குவமும் அடுப்பிலிருந்து வந்த சொல்தானே.

அடுத்தது மிகவும் ஆபத்தானது: 'ஷி கு'. அகராதியில் 'உலக அனுபவம்' என்று பொருள் இருக்கும். அதை நம்பி, ஓய்வுபெறும் மேலதிகாரிக்கு எழுதும் வாழ்த்து அட்டையில் 'நீங்கள் மிகவும் ஷி கு' என்று எழுதிவிட்டால், ஆளுக்குத் தகுந்தபடி பேசி, வளைந்து நெளிந்து பிழைப்பவர் என்றே பெரும்பாலும் படிக்கப்படும். 'லாவ் யோ தியாவ்' இன்னும் மோசம். யோ தியாவ் என்பது எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம். யார் பிடியிலும் சிக்காமல் வழுக்கும் பழைய ஆளை அந்தப் பெயரால் ஏசுவார்கள்.

'லாவ்' என்றால் கிழம் என்று எண்ணித் தயங்கவும் வேண்டாம். ஆசிரியர் 'லாவ் ஷி'. 25 வயதுக்காரரையும் அப்படித்தான் மரியாதையாக அழைக்கிறார்கள். அதற்காக இளைஞருக்கு இந்தத் தொடரைச் சூட்டக் கூடாது. வயதுக்கு மீறிய நிதானத்துக்கு 'ஷாவ் நியென் லாவ் செங்' இருக்கிறது. அதிலும் கவனம் வேண்டும். துடிப்பில்லாத பிள்ளை என்ற குறையாக இன்று அது ஒலிப்பதும் உண்டு. இந்தத் தொடர்களில் எதையும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது எந்த வயதிலும் அழகல்ல.

கடைசியாக, 'லாவ் மா ஷி து', அதாவது 'முதிய குதிரை வழி அறியும்'. பண்டைச் சீனத்தின் சி நாட்டுக் கோமகன் ஹுவான் கூஜு நாட்டின் மீது வசந்தத்தில் படையெடுத்துப் போய், குளிர்காலத்தில் திரும்பும்போது வழி தவறினார். அமைச்சர் குவான் ஜோங் முதிய குதிரைகளை அவிழ்த்துவிடச் சொன்னார். படை அவற்றின் பின்னே நடந்து பாதையை அடைந்தது. பண்டைச் சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய்யின் பெயரால் வழங்கும் நூலில் உள்ள கதை இது. 30 ஆண்டு கப்பலோட்டியவருக்கு இத்தொடர் கச்சிதம். இரண்டு வீட்டுச் சண்டையை இருவர் மனமும் நோகாமல் தீர்த்துவைக்கும் பெரியவருக்கு 'லாவ் செங் லியென் தா'தான் வேண்டும்.