டிஎஸ்எல்ஆரா, பாக்கெட் கேமராவா: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ நெருங்கிவிட்டால் சொந்தத்தில் யாராவது ஒருவர் கூப்பிடுவார். "கேமரா வாங்கலாம்னு இருக்கேன் தம்பி, பெருசு வாங்கவா, சின்னது வாங்கவா?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். என்னிடம் கேனன் 1500டி (லென்ஸைக் கழற்றி மாற்ற முடிகிற பெரிய கேமரா, அதாவது டிஎஸ்எல்ஆர்) ஒன்று, சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல் (பாக்கெட் கேமரா) ஒன்று இருக்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன், அதனால் எந்தப் பக்கமும் எனக்குக் கட்சி கிடையாது.

ஐஎஸ்ஓ என்றால் என்ன, ஷட்டர் ஸ்பீடு என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே வராது. மெகாபிக்சலும் வராது. 1500டி-யில் 24, சட்டைப் பைக்குள் போகும் கேனன் ஐக்சஸ் 285-ல் 20. இந்த நாலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

படி 1: போன் கேலரியைத் திறங்கள்

போன வருடம் எடுத்த படங்களைப் புரட்டி, பிடிக்காமல் போனவற்றை மட்டும் தனி ஆல்பத்தில் போடுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்தால் பெரும்பாலும் நாலு காரணம்தான் இருக்கும்: இருட்டு, தூரம், அசைவு, பின்னணி மங்கவில்லை. எது அதிகம் வருகிறதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "எதுக்கு சார் கேமரா?" என்று கேட்கும்போது "பொதுவா எல்லாத்துக்கும்" என்று சொன்னால், அவரிடம் எது தேங்கிக் கிடக்கிறதோ அது உங்கள் கையில் வந்து சேரும்.

பிடிக்காத படமே இல்லை என்றால் கேமராவே வேண்டாம். சும்மா சொல்லவில்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வரைக்கும் போன் போதும்.

படி 2: சென்சார் அளவைப் பாருங்கள்

"பாக்கெட் கேமரா" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சாமான்கள் விற்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலாவது, 1/2.3 இன்ச் சென்சார் (உள்ளே படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ளவை. ஐக்சஸ் வரிசை, சோனி டபிள்யூ800 எல்லாம் இந்த வகை. சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ.தான். இன்றைய நல்ல போன்கள் பலவற்றில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. இரண்டாவது, 1 இன்ச் வகை: ஆர்எக்ஸ்100 வரிசை, கேனன் ஜி7 எக்ஸ் வரிசை. இது 13.2 × 8.8 மி.மீ. (பெயரில் ஒரு இன்ச் என்று இருக்கிறதே தவிர, எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு இன்ச் வராது. பழைய வீடியோ குழாய்க் காலத்துக் கணக்கு அது.) மூன்றாவது, டிஎஸ்எல்ஆரில் இருக்கும் அதே ஏபிஎஸ்-சி சென்சாரைச் சின்ன உடம்பில் அடைத்தவை. ரிகோ ஜிஆர் 3 அப்படித்தான். 257 கிராம். ஆனால் ஜூம் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் கிடையாது. அதை முதல் கேமராவாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

டிஎஸ்எல்ஆர் பக்கம் கேனன் 1500டி-யில் 22.3 × 14.9, நிக்கான் டி3500-ல் 23.5 × 15.6 மி.மீ. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடலாம்.

என் கருத்து: 1/2.3 இன்ச் வகையைத் தூர ஜூமுக்காக மட்டும் வாங்குங்கள். ஐக்சஸ் 285 வெறும் 147 கிராமில் 300 மி.மீ. வரை எட்டும். ஆனால் அதை டிஎஸ்எல்ஆருக்கு மாற்றாக நினைத்து வாங்கினால் முதல் ரிசப்ஷன் ராத்திரியே வருத்தப்படுவீர்கள். உண்மையான போட்டி 1 இன்ச் பாக்கெட் கேமராவுக்கும் நுழைவுநிலை டிஎஸ்எல்ஆருக்கும்தான்.

படி 3: எஃப் எண்ணைப் பெருக்குங்கள்

பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான். கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

பெரிய கேமரா என்றால் இருட்டிலும் நல்ல படம், பின்னணி மங்கலாக வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் டிஎஸ்எல்ஆரோடு பெட்டியில் வருகிற 18-55 கிட் லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணைப் பாருங்கள்: 3.5-5.6. ஆர்எக்ஸ்100 முதல் மாடலில் 1.8-4.9. எண் சின்னதாக இருந்தால் துளை பெரியது, வெளிச்சம் அதிகம். அப்படியானால் பாக்கெட் கேமராதான் ஜெயிக்கிறதா? அப்படியும் சொல்ல முடியாது, ஏனென்றால் சென்சார் சின்னது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க ஒரு பெருக்கல் போட வேண்டும்.

பெருக்க வேண்டிய எண்கள்: கேனன் டிஎஸ்எல்ஆர் 1.6, நிக்கான் 1.5, 1 இன்ச் சென்சார் 2.7, 1/2.3 இன்ச் சென்சார் 5.6. லென்ஸில் உள்ள எஃப் எண்ணை இதால் பெருக்குங்கள்.

கேனன் 18-55 கிட் லென்ஸ்: 3.5 × 1.6 = 5.6, ஜூம் முனையில் 5.6 × 1.6 = 9.
ஆர்எக்ஸ்100: 1.8 × 2.7 = 4.9, ஜூம் முனையில் 4.9 × 2.7 = 13.
கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3: 1.8 × 2.7 = 4.9, ஜூம் முனையில் 2.8 × 2.7 = 7.6.
ஐக்சஸ் 285: 3.6 × 5.6 = 20, ஜூம் முனையில் 7 × 5.6 = 39.

இப்போது பாருங்கள். அகலக் கோணத்தில் பாக்கெட்டில் போகிற ஆர்எக்ஸ்100, கழுத்தில் தொங்குகிற டிஎஸ்எல்ஆரைக் கொஞ்சம் முந்துகிறது. ஜூம் பண்ணினால் பின்தங்குகிறது. ஜி7 எக்ஸ் மார்க் 3 இரண்டு முனையிலும் முந்துகிறது. அதாவது, கிட் லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு காலம் தள்ளப் போகிறீர்கள் என்றால், டிஎஸ்எல்ஆரின் பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி அந்த லென்ஸிலேயே வீணாகிறது.

அப்புறம் டிஎஸ்எல்ஆர் எதற்கு? அதே பாடியில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டிக் கணக்குப் போடுங்கள்: 1.8 × 1.6 = 2.9. நான் பார்த்த எந்த ஜூம் பாக்கெட் கேமராவும் இதற்குப் பக்கத்தில்கூட வராது. குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாட்டி முகம், பின்னால் கூட்டம் கரைந்து போயிருக்கும் படம், எல்லாம் இந்த லென்ஸ் வேலை. கேனன் 2015-ல் கொண்டுவந்த எஸ்டிஎம் வகை 50-ஐ விட, கொடுத்த காசுக்கு இவ்வளவு வேலை செய்யும் லென்ஸை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் இடம் போதவில்லை என்பவர்களுக்கு நிக்கான் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 இன்னும் வசதி.

ஆகவே உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரு வருடத்துக்குள் இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா? ஆமாம் என்றால் டிஎஸ்எல்ஆர். இல்லை என்றால் 1 இன்ச் பாக்கெட் கேமரா. "பார்க்கலாம்" என்ற பதிலை நான் "இல்லை" கணக்கில்தான் சேர்ப்பேன்.

*பிற்சேர்க்கை:* "எஃப் 1.8 எங்கே இருந்தாலும் எஃப் 1.8 தானே, ஷட்டர் ஸ்பீடு மாறாதே?" என்று பலர் கேட்டிருந்தார்கள். சரிதான், மாறாது. ஒரே ஐஎஸ்ஓ, ஒரே எஃப் எண் வைத்தால் இரண்டு கேமராவும் ஒரே ஷட்டர் ஸ்பீடு காட்டும். ஆனால் சின்ன சென்சார் மொத்தமாகச் சேகரிக்கிற வெளிச்சம் குறைவு, அதனால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். பின்னணியும் அவ்வளவாக மங்காது. மேலே போட்ட பெருக்கல் அந்த இரண்டையும் ஒப்பிட மட்டும்தான். கேமராவில் எக்ஸ்போஷர் வைக்கும்போது பெருக்க வேண்டாம்.

படி 4: தூரமும் அசைவும்

உங்கள் தாளில் "தூரம்" என்று எழுதியிருந்தால் ஒரு எச்சரிக்கை. 18-55 கிட் லென்ஸ் 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 88 மி.மீ. வரைதான் எட்டும். ஆர்எக்ஸ்100 அதைவிடக் கொஞ்சம் அதிகமாக 100 வரை போகும். வேடந்தாங்கலில் பறவை எடுக்க இரண்டுமே உதவாது. டிஎஸ்எல்ஆர் என்றால் கூடவே 55-250 லென்ஸும் வாங்க வேண்டும், அது 400 மி.மீ.க்குச் சமம். இதைச் சொல்லாமல் "டிஎஸ்எல்ஆர் சார், எவ்வளவு வேணா ஜூம் ஆகும்" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

"அசைவு" என்றால், பள்ளி ஓட்டப்பந்தயம், மஞ்சுவிரட்டு, ஓடுகிற குழந்தை, இதற்கெல்லாம் டிஎஸ்எல்ஆர்தான். கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்ப்பதால் தாமதம் இல்லை, ஃபோகஸும் சட்டென்று பிடிக்கும். ஆனால் கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால்தான் அந்த வேகம். போனைப் போலக் கையை நீட்டிப் பின்திரையைப் பார்த்து எடுத்தால் 1500டி ஃபோகஸ் தேடிக்கொண்டே நிற்கும். கேமரா பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் பிரச்சினை. கேனன் 200டி மார்க் 2-ல் பின்திரை வழியாகவும் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஃபோகஸுக்கான வேறு ஏற்பாடு சென்சாரிலேயே இருக்கிறது.

நம் ஊர் மதிய வெயிலில் பின்திரையில் எதுவும் தெரியாது என்பதையும் கணக்கில் சேருங்கள். வியூஃபைண்டர் உள்ள பாக்கெட் கேமரா வேண்டுமென்றால் ஆர்எக்ஸ்100 மார்க் 3-லிருந்து மேலே பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். அரங்கேற்றத்தில், பிரார்த்தனையில், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் டிஎஸ்எல்ஆரின் டக் டக் சத்தம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும். பாக்கெட் கேமராவில் பீப் ஒலியை அணைத்துவிட்டால் எடுத்ததே தெரியாது. எடையும் இருக்கிறது: 1500டி பாடி 475 கிராம், கிட் லென்ஸ் 200 கிராம். ஆர்எக்ஸ்100 மொத்தமே 240.

படி 5: கடையில் செய்ய வேண்டியது

சொந்த மெமரி கார்டு கொண்டுபோங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் கடையானாலும் மால் கடையானாலும் வெளிச்சம் கொட்டும். அங்கே எந்தக் கேமராவில் எடுத்தாலும் படம் அழகாகத்தான் இருக்கும். கவுண்டருக்குக் கீழே, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலை என்று இருட்டான இடமாகப் பார்த்து, இரண்டு கேமராவிலும் ஐஎஸ்ஓ 3200 வைத்து ஒரே காட்சியை எடுங்கள். கேமரா திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்கு வந்து கணினியில் இரண்டையும் ஒரே அளவில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். அன்றே வாங்க வேண்டாம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

அப்புறம் உங்கள் பையில், அக்காவோ அம்மாவோ தூக்கப் போகிறார்கள் என்றால் அவர்கள் கைப்பையில், போட்டுப் பாருங்கள்.

படி 6: பழையது வாங்குவதானால்

நான் பழையதைத்தான் சிபாரிசு செய்வேன். கேனனும் நிக்கானும் புதிய முயற்சியையெல்லாம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றுகிற கேமரா) பக்கம் திருப்பிவிட்டன. டி3500 வந்தது 2018-ல், அதற்குப் பிறகு அந்த வரிசையில் எதுவும் வரவில்லை. அதனால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. கேனன் லென்ஸ்களை நாளைக்கு அடாப்டர் போட்டு அவர்களுடைய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸிலும் மாட்டலாம், காசு வீண்போகாது.

லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்க் கேமராக்களில் இது சாதாரணம். துணி பீரோவில் வைத்திருந்தது என்றால் கட்டாயம் பாருங்கள். வாங்கிய பிறகு நீங்களும் பீரோவில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், போதும்.

ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். இந்த வகை பாடிகளுக்கு ஒரு லட்சம் வாக்கில் ஆயுள் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். நிக்கானில் ஒரு படம் எடுத்து அதன் எக்ஸிஃப் விவரத்தை (படத்துக்குள்ளேயே கேமரா பதிந்து வைக்கும் குறிப்பு) பார்த்தாலே தெரிந்துவிடும். கேனன் நுழைவுநிலைக் கேமராக்களில் படத்துக்குள் அது பதிவாவதில்லை, கணினியில் கேபிள் மாட்டி மென்பொருள் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாக்கெட் கேமரா என்றால் ஜூமை முழுக்க நீட்டி, உள்ளே இழுத்து, பலமுறை செய்து பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல். அதோடு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். கருப்புப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி, அதை வீட்டில் திறந்து துடைக்க முடியாது. டிஎஸ்எல்ஆரில் ஊதுபந்து வைத்து ஊதிவிடலாம்.

*பிற்சேர்க்கை:* வாசகர் ஒருவர் டி3500-க்குப் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை மலிவாக வாங்கிவிட்டு, ஃபோகஸ் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ஏஎஃப் என்றால் கையால்தான் திருக வேண்டும்.

*இன்னொன்று:* கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்க வேண்டிய உலோகப் புள்ளி கிடையாது. கேனன் ஃப்ளாஷ்கள் எரியும். அந்த ஒரு புள்ளியை நம்பி வேலை செய்யும் மலிவான ட்ரிக்கர்கள் (தள்ளி வைத்த விளக்கை எரிய வைக்கும் கருவிகள்) வேலை செய்யாது. ஸ்டுடியோ விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் ட்ரிக்கரைக் கையோடு கொண்டுபோய், மாட்டி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.