மஞ்சள் மறைந்தால் உடனே நம்பாதீர்கள்: நிக்கல்–பெப்டைடு ஆக்சிஜனேற்றம், முதல்முறை செய்பவர்களுக்கு

நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் கவரிங் வளையல் போட்ட கை அரித்திருக்கிறதா? வியர்வை அந்தப் பூச்சிலிருந்து நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் விடுகிறது. உள்ளே போன நிக்கலைப் புரதங்கள் பிடித்துக்கொள்ளும். இரத்தத்திலுள்ள ஆல்புமினின் முனையிலேயே அப்படி ஒரு பிடி உண்டு: அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின், மூன்றாவதாக ஹிஸ்டிடின். அதன் எளிய நகலான கிளைசில்-கிளைசில்-ஹிஸ்டிடின் என்ற பெப்டைடைத்தான் (மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதில் நிக்கலை அமர்த்தி, பிறகு நிக்கலிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து +2இலிருந்து +3க்கு ஏற்றப் பார்ப்போம்; அதுதான் தலைப்பிலுள்ள ஆக்சிஜனேற்றம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் இதைத் தொடவே வேண்டாம். நிக்கல் உப்புகள் புற்றுநோய் உண்டாக்குபவை. லேப், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, பக்கத்தில் பொறுப்பாளர்: நான்கும் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

முதல் படி. 0.263 கிராம் நிக்கல் சல்பேட் ஹெக்சாஹைட்ரேட்டை 10 மில்லி நீரில் கரையுங்கள். இது 0.1 மோலார். இளம்பச்சையாக இருக்கும், ஒவ்வொரு நிக்கலையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருப்பதன் நிறம் அது.

இரண்டாம் படி. 30 மில்லிகிராம் பெப்டைடை 6 மில்லி நீரில் கரைத்து, அதனுடன் நிக்கல் கரைசலிலிருந்து 1 மில்லி எடுத்துச் சேருங்கள். பெப்டைடு நிக்கலைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வேண்டுமென்றேதான். தனித்து அலையும் நிக்கல் இருந்தால் காரம் பட்டதும் ஹைட்ராக்சைடாகக் கலங்கிவிடும்.

மூன்றாம் படிக்குப் பொறுமை வேண்டும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச்சை 8க்குக் கொண்டுவாருங்கள். ஏறும் பிஹெச் மறுபடி இறங்கும், மீட்டரைத் திட்டாதீர்கள். ஒரு நிக்கல் உள்ளே அமர, முனை அமீனிலிருந்து ஒன்று, அமைடுகளிலிருந்து இரண்டு என மூன்று புரோட்டான்கள் வெளியேற வேண்டும். அதனால்தான் காரம் 3 மில்லியைச் சற்றுத் தாண்டிச் செலவாகும். இப்போது நான்கு நைட்ரஜன்கள் சதுரத் தளத்தில் நிக்கலைச் சுற்றி நிற்கின்றன. கரைசல் மஞ்சள், ஒளி உறிஞ்சும் நிறமாலையில் 425 நானோமீட்டரை ஒட்டி ஓர் உச்சி தெரியும். நீரில் தனியாக இருக்கும் நிக்கலை +3க்கு ஏற்றுவது பெரும்பாடு. புரோட்டான் இழந்த அமைடுகள் எலக்ட்ரானை அள்ளித் தருவதால், இத்தகைய பெப்டைடு அணைவுகளில் (உலோகமும் அதைப் பிடித்த மூலக்கூறும் சேர்ந்தது அணைவு) அது 1 வோல்ட்டுக்கும் கீழேயே நடக்கிறது.

நான்காம் படி. 0.03 கிராம் ஆக்சோனை (எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்சிஜனேற்றி உப்பு) 10 மில்லி நீரில் அவ்வப்போது புதிதாகவே கரையுங்கள். மஞ்சள் கரைசலை இரண்டு குப்பிகளில் 3 மில்லி வீதம் பிரித்து, ஒன்றில் மட்டும் இந்த ஆக்சோன் கரைசலிலிருந்து 1 மில்லி விடுங்கள்.

இங்கேதான் நான் முதல் ஆண்டில் மாட்டிக்கொண்டேன். மஞ்சள் வெளுத்ததும் “ஆக்சிஜனேற்றம் முடிந்தது” என்று நோட்டில் எழுதிவிட்டேன். பக்கத்து மேசை அக்கா பேசாமல் இரண்டு சொட்டுக் காரம் விட்டார். மஞ்சள் திரும்பி வந்துவிட்டது! ஆக்சோன் கரைசல் தானே அமிலம். அது அணைவை வெறுமனே பிரித்துப் போட்டிருந்தது.

ஆகவே இரண்டாம் குப்பியில், ஆக்சோனுக்குப் பதிலாக அதே பிஹெச் கொண்ட நீர்த்த கந்தக அமிலத்தை 1 மில்லி விடுங்கள். பிறகு இரண்டையும் காரத்தால் பிஹெச் 8க்குத் திருப்பி நிறமாலை எடுங்கள். அமிலக் குப்பி பழைய உச்சிக்கே வரும். காரம் சேர்த்ததால் கரைசல் நீர்த்ததைக் கணக்கில் கழித்த பிறகும் ஆக்சோன் குப்பியின் உயரமோ வடிவமோ வேறுபட்டால், அதுதான் ஆக்சிஜனேற்றம். நிக்கல் +3 அதிக நேரம் நிற்காது. தன்னைப் பிடித்த பெப்டைடையே கடித்துவிடும்.

மஞ்சள் கரைசலை வார இறுதிக்கு மூடி வைக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜனே மெல்ல மெல்ல ஹிஸ்டிடினின் கார்பாக்சில் பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக உதறவைக்கும். திங்கட்கிழமை உங்களிடம் இருப்பது வேறு சேர்மம்.

கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். சாக்கடையில் போவது இங்கே புதுநீராக (சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் நீராக) திரும்பி வருகிற ஊர் இது. நிக்கல் கழிவுக்கான புட்டியில் பெயர், தேதி எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். உரிமம் பெற்ற கழிவு நிறுவனம் எடுத்துச் செல்லும்.