பழைய திங்க்பேடில் கோர்பூட் நிறுவுதல்

1999-இல் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 2008-இல் பெயர் மாறிய கோர்பூட், கணினியைத் துவக்கிவைக்க தயாரிப்பாளர் தரும் பயாஸ் என்ற நிரலுக்கு மாற்றான திறமூல நிலைபொருள் (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) ஆகும். இங்கு லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியில் அதை நிறுவும் முறையைக் காண்போம்.

இதன் தாய்ப்பலகையில் 8 எம்பி, 4 எம்பி என நிலைபொருளைச் சேமிக்கும் இரண்டு ஃபிளாஷ் சிப்புகள் உள்ளன. பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிய பின், எட்டுக் கால் கிளிப்பை, சிப்பின் முதல் காலைக் குறிக்கும் புள்ளியைப் பார்த்துச் சரியாக மாட்டி, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமர் கருவியுடன் இணைக்க வேண்டும். மலிவான சிஎச்341ஏ கருவிகள் பலவற்றில் 3.3 வோல்ட் சிப்பின் தரவுக் கால்களுக்கு 5 வோல்ட் செல்வதுண்டு. ஆகவே மின்னழுத்தத்தை முதலில் அளந்து பார்ப்பது நல்லது.

எழுதுவதைவிடப் படிப்பதே முக்கியமான வேலை என்பேன். ஃபிளாஷ்ராம் நிரலால் ஒவ்வொரு சிப்பையும் இருமுறையாவது படித்து, கோப்புகளின் ஹாஷ் மதிப்புகள் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறிகள்) ஒத்துள்ளனவா எனப் பாருங்கள். வேறுபட்டால் பெரும்பாலும் கிளிப் சரியாகப் பதியவில்லை என்று பொருள். இந்த நகலை வேறொரு கணினியில் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் பழைய நிலைக்குத் திரும்ப வேறு எளிய வழி இல்லை.

பிறகு கோர்பூட் மூலநிரலின் அமைப்புப் பட்டியலில் லெனோவோவையும் மாதிரியையும் தேர்ந்து, பேலோடாக (கோர்பூட் தன் வேலை முடிந்ததும் இயக்கும் நிரலாக) சீபயாஸை வைத்து, சிபிஎஃப்எஸ் எனப்படும் கோர்பூட்டின் கோப்புப் பகுதியின் அளவை 4 எம்பிக்குள் அடக்கித் தொகுக்கவும். கிடைக்கும் 12 எம்பி கோப்பின் கடைசி 4 எம்பியை மட்டும் பிரித்து, சிறிய சிப்பில் எழுதினால் போதும். நினைவகத்தைச் சோதித்து அளவமைக்க வேண்டியிருப்பதால், முதல் துவக்கத்தில் திரை சற்று நேரம் இருண்டே இருக்கும். பதறி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்.