பெயருக்கு மட்டும் போல்ட் இட்டாலிக்

கல்யாண கார்ட் அடிக்க வருகிறவர்கள், மாப்பிள்ளை பொம்பிளை பெயரை ஆங்கிலத்தில் "அந்தச் சரிஞ்ச மொத்த எழுத்தில போடுங்க" என்பார்கள். கேட்பது செரிஃப் (கோட்டின் நுனியில் வருகிற சின்னக் கால்) வைத்த போல்ட் இட்டாலிக்கைத்தான், அதாவது தடித்த சரிந்த எழுத்தை. மட்டக்களப்பில் டிசைன் வேலை செய்கிற எனக்கும் அது பிடிக்கும், ஆனால் அதற்கு இரண்டு குணம். இட்டாலிக் 1500ஐ ஒட்டி வெனிஸில், அல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காக, அக்காலக் கையெழுத்தைப் பார்த்து வெட்டப்பட்டது. தடித்த எழுத்து பரவியது 19ஆம் நூற்றாண்டில், விளம்பரத்தில் சத்தம் போடுவதற்கு. கையோட்டமும் சத்தமும் சேர்ந்ததை ஒரு பெயருக்குப் போடலாம், அழைப்பிதழ் முழுக்கப் போட்டால் வாசிக்கிறவர் களைத்துவிடுவார். முழுவதும் கெப்பிட்டல் எழுத்தில் போடுவது அதைவிட மோசம்.

முதலில் ஃபொன்ட்டுக்குச் சொந்தமாக போல்ட் இட்டாலிக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் நேர் எழுத்தையே பிடித்துச் சரித்து, ஓரத்தையும் ஊதிக் காட்டும். ஆங்கிலச் சின்ன 'ஏ'யை (a) பார்த்தால் பிடிபடும்: நேர் எழுத்தில் தலையில் ஒரு வளைவு இருக்கும், உண்மையான இட்டாலிக்கில் பெரும்பாலும் அது போய் ஒற்றை வயிறுதான் மிஞ்சும்.

அப்புறம் மெல்லிய கோடுகள். பொடோனி மாதிரி எழுத்துகளில் தடித்த கோடு உலக்கை, மெல்லிய கோடு நூல். ஒருமுறை சொரசொரப்பான அட்டையில் தங்க மையில் ஸ்கிரீன் பிரிண்ட் போட்டேன், 'எச்' (H) எழுத்தின் நடுக்கோட்டில் மையே பிடிக்கவில்லை, இரண்டு தூண்தான் நின்றது. திரும்ப அடித்தது என் காசில். அப்படியான அட்டைக்கு ஜோர்ஜியா போல மெல்லிய கோடும் கொஞ்சம் திடமாக இருப்பதை எடுங்கள், அது மத்தியூ கார்ட்டர் கொம்பியூட்டர் திரைக்காகவே வரைந்தது. கல்லடிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போகிறவர் பார்க்கிற பெனருக்கும் இதே கதைதான். மரண அறிவித்தலுக்கு போல்ட் இட்டாலிக்கே வேண்டாம், அதில் ஒரு கொண்டாட்டம் இருக்கிறது.

தமிழைச் சரிக்காதீர்கள்! பாமினி என்ற தமிழ் ஃபொன்ட்டில் அடித்துவிட்டு இட்டாலிக் பொத்தானை அமுக்கினால் வருவது வெறும் சரிவு, அதற்குள் கையெழுத்து ஓட்டம் ஒன்றும் இல்லை. கூடத் தடிப்பும் ஏற்றினால் ண, ஞ எழுத்துகளின் சுழிகள் அடைபட்டுப்போகும். ஆங்கிலப் பெயர் சரிந்து நிற்கட்டும், பக்கத்தில் தமிழ் நேராக, அளவான தடிப்பில் நின்றாலே சோடி சரி.

சரிந்த சொல்லின் கடைசி எழுத்து வலப்பக்கம் தலை நீட்டும், அதற்குப் பின்னால் நேர் அடைப்புக்குறி வந்தால் முட்டும். அங்கே கொஞ்சம் இடம் விடுங்கள். நடுவில் வைத்த பெயரும் ஒரு பக்கம் விலகினது போலத் தெரியும், அளவுகோலை நம்பாமல் கண்ணால் பார்த்து நகர்த்துங்கள். எல்லாம் முடிந்ததும், அடிக்கப்போகிற அதே அட்டையில் ஒன்று அடித்து, பெண் வீட்டாரிடம் காட்டி, பிறகு மிச்சத்தை ஓட்டுங்கள்.