எல்.இ.டி டிரைவர்: திரையில் ஓடும், போர்டில் புகையும்

எல்.இ.டி-க்குச் சீரான கரண்ட் கொடுக்கும் சர்க்யூட்டான எல்.இ.டி டிரைவரைப் புதிதாக டிசைன் செய்பவர்களின் ஸ்கீமேட்டிக்குகளைப் பார்த்தால், ஒரு காலத்தில் எல்லாரும் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. டையோடைத் திருப்பிப் போடுவது, சால்டர் ஒட்டாமல் விடுவது போன்றவை போர்டே காட்டிக்கொடுத்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். சிமுலேஷனில் அழகாக ஓடி, கையில் சுடுபவைதான் இங்கே.

எல்.இ.டி-க்குப் பதில் ரெசிஸ்டர்

மூன்று வெள்ளை எல்.இ.டி, 9.6 வோல்ட், 700 மில்லி ஆம்பியர். வகுத்தால் 13.7 ஓம் வரும். அதை லோடாக வைத்துவிடுகிறார்கள். ஆனால் ரிப்பிளுக்கு, அதாவது கரண்டில் வரும் சிற்றலைக்கு, அந்த வரிசை காட்டும் டைனமிக் ரெசிஸ்டன்ஸ் (வோல்டேஜ் மாற்றம் ÷ கரண்ட் மாற்றம்) இரண்டு, மூன்று ஓம்தான். அவுட்புட் கெபாசிட்டர் இருக்கும் சர்க்யூட்டில், எல்.இ.டி-யில் ஓடும் ரிப்பிள் கரண்ட் திரையில் பல மடங்கு குறைத்துத் தெரியும். கரண்டைக் கட்டுப்படுத்தும் ஃபீட்பேக் லூப்பின் கணக்கும் தப்பாகும். டேட்டாஷீட்டின் வோல்டேஜ்–கரண்ட் வளைவுக்குப் பொருந்தும் டையோடு மாடலைப் போடுங்கள்.

எல்.இ.டி வரிசைகளை நேராக பேரலலில் இணைப்பது

கூடாது. சூடான வரிசையின் வோல்டேஜ் குறையும், அது இன்னும் கரண்டை இழுக்கும், இன்னும் சூடாகும்.

இண்டக்டரின் சாச்சுரேஷன்

ஓர் அளவுக்கு மேல் கரண்ட் ஏறினால் இண்டக்டரின் கோர் காந்தத்தால் நிறைந்து, இண்டக்டன்ஸ் சரிந்துவிடும்; அதுதான் சாச்சுரேஷன். அதைக் கவனிக்காமல் விடுவது, எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தரும் தவறு. பாகத்தின் விலை சொற்பம். அது கொண்டுபோவது மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் செய்யும் டிரான்சிஸ்டர்), டிரைவர் ஐ.சி, சில நேரம் எல்.இ.டி வரிசை முழுவதும்.

மேலே சொன்ன அதே மூன்று எல்.இ.டி, 24 வோல்ட் இன்புட், 500 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் வகை), 47 மைக்ரோஹென்றி இண்டக்டர். டையோடு டிராப்பை விட்டுவிட்டால் டியூட்டி (ஸ்விட்ச் ஆனாக இருக்கும் பங்கு) 0.4, ஆஃப் நேரம் 1.2 மைக்ரோ வினாடி. ரிப்பிள் சுமார் 0.25 ஆம்பியர், உச்சம் 0.82. டேட்டாஷீட்டில் ‘1 ஆம்பியர்’ என்று பார்த்ததும் அந்த இண்டக்டரை எடுத்துவிடுகிறார்கள்.

எந்த 1 ஆம்பியர்? டேட்டாஷீட்டில் இரண்டு கரண்ட் இருக்கும். ஒன்று சூட்டுக்கானது; பெரும்பாலும் 40 டிகிரி சூடு ஏறும் அளவு. மற்றது சாச்சுரேஷன் கரண்ட். இண்டக்டன்ஸ் 10, 20 அல்லது 30 சதவீதம் குறையும் புள்ளி. எத்தனை சதவீதம் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறும், அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்.

சாச்சுரேஷன் கரண்டே 1 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், அது 25 டிகிரி கணக்கு. கோரில் இருக்கும் பவர் ஃபெரைட்டின் தாங்குதிறன் 100 டிகிரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். 1 ஆம்பியர் 0.8 ஆகிறது, உச்சமோ 0.82. மேசையில் மணிக்கணக்கில் எரிந்த விளக்கு, மூடிய உறைக்குள் போனதும் ஏன் செத்தது என்பதற்கு விடை இதுதான். இண்டக்டன்ஸ் குறைந்தால் உச்சம் ஏறும், உச்சம் ஏறினால் கோர் இன்னும் சூடாகும்.

‘ஐ.சி-யில் கரண்ட் லிமிட் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது செயல்பட 100 நானோ வினாடி போல ஆகும். முழுக்கச் சாச்சுரேட் ஆன இண்டக்டர் 3 மைக்ரோஹென்றிக்கு இறங்கியிருந்தால், அதற்குள் கூடுதலாக அரை ஆம்பியர் ஏறிவிடும். ஸ்டார்ட்-அப்பில் அவுட்புட் கெபாசிட்டர் காலியாக இருப்பதால், கரண்ட் எப்படியும் லிமிட்டைத் தொட்டுவிடலாம். ஆகவே சாச்சுரேஷன் கரண்டை லோடு உச்சத்தோடு ஒப்பிடாதீர்கள். ஐ.சி டேட்டாஷீட்டில் கரண்ட் லிமிட்டின் ‘அதிகபட்சம்’ பத்தியில் இருக்கும் எண்ணோடு, சூடான நிலையில் ஒப்பிடுங்கள். இடமில்லை என்றால் மெட்டல் பவுடர் வைத்து மோல்ட் செய்த வகை நல்லது. அது மெதுவாகத்தான் இறங்கும், சூட்டுக்கும் அவ்வளவாக அசையாது.

சிமுலேஷனில் இதையெல்லாம் பார்க்க முடியாததற்குக் காரணம், வெறும் 47 என்று எழுதிய இண்டக்டர் ஆயிரம் ஆம்பியரிலும் 47-ஆகவே இருக்கும். எல்.டி.ஸ்பைஸ் சிமுலேட்டரில் மதிப்பு எழுதும் இடத்தில் ஃப்ளக்ஸ் சமன்பாடு கொடுக்கலாம்: எல் × ஐ × டான்ஹெச்(எக்ஸ் ÷ ஐ). எல் என்பது எழுதியிருக்கும் இண்டக்டன்ஸ், எக்ஸ் என்பது இண்டக்டர் கரண்ட். 30 சதவீதம் குறையும் கரண்டை 0.615-ஆல் வகுத்தால் ‘ஐ’ கிடைக்கும்: 1 ஆம்பியருக்கு 1.63, சூட்டில் 0.8-க்கு 1.3. இரண்டையும் ஓட்டுங்கள். உண்மையான ஃபெரைட் இதைவிடத் திடீரென்று விழும் என்பதால், இதில் நூலிழையில் தப்பினால் அதைத் தேர்ச்சி என்று எண்ண வேண்டாம்.

போர்டில் பார்க்க, இண்டக்டர் கால் ஒன்றைத் தூக்கி ஒரு துண்டு வயர் போட்டு கரண்ட் புரோப் மாட்டுங்கள். நல்ல இண்டக்டர் நேர்க்கோட்டு முக்கோணம் காட்டும். சாச்சுரேட் ஆகும்போது ஏறும் கோட்டின் நுனி மட்டும் கொம்பு முளைத்தது போல மேலே வளையும். ஹாட் ஏர் கன்னால் கோரைச் சூடாக்கிக்கொண்டே பாருங்கள்; கொம்பு வளர்வது கண்ணெதிரே தெரியும்.

செராமிக் கெபாசிட்டரை எழுதியிருக்கும் மதிப்பிலேயே நம்புவது

25 வோல்ட் ரேட்டிங் உள்ள 10 மைக்ரோஃபாரடை 24 வோல்ட்டில் போட்டால், பாதிகூட மிஞ்சாமல் போகலாம். வோல்டேஜ் ஏற ஏறக் கெபாசிட்டன்ஸ் குறைவதைக் காட்டும் டி.சி பயஸ் வளைவைப் பார்த்து, மிஞ்சுவதை சிமுலேஷனில் போடுங்கள்.

பூஸ்ட் டிரைவரில் எல்.இ.டி வயர் கழன்றால்?

பூஸ்ட் என்பது வோல்டேஜை ஏற்றும் வகை. லோடோடு சீரிஸில் ஒரு ஸ்விட்ச் வைத்து, 5 மில்லி வினாடியில் திறந்து ஓட்டுங்கள். ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு இல்லையென்றால் அவுட்புட் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு மாஸ்ஃபெட் ரேட்டிங்கைப் பாருங்கள்.

இன்புட்டை ஐடியல் சப்ளையாக விடுவது

ஒரு மீட்டர் வயருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. அதோடு செராமிக் மட்டும் இருந்தால், ஓடும் 24 வோல்ட் சப்ளையில் பிளக்கைச் செருகும்போது ஐ.சி கால் 48 வோல்ட்டை நெருங்கும். 40 வோல்ட் ஐ.சி அங்கேயே போச்சு. செராமிக்கைப் போல நான்கைந்து மடங்கு எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை பேரலலில் போட்டால், அதன் உள் ரெசிஸ்டன்ஸ் அந்த அலையை அடக்கிவிடும்.